தைலம் மணக்கும் கலர்

ரூட் பியரை முதன்முதலாகக் குடிக்கும் தமிழ்நாட்டுக்காரரின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் 'பியர்' இருக்கிறதே என்று முதலில் ஒரு தயக்கம். இதில் ஆல்கஹால் கிடையாது, சின்னப் பிள்ளைகள் குடிப்பது என்று வகுப்புத் தோழன் சத்தியம் செய்த பிறகு ஒரு வாய். நிறம் கோலா மாதிரி இருக்கிறது, நுரை மேலே பொங்கி நிற்கிறது, நாக்கில் இனிக்கவும் செய்கிறது. விழுங்கிய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும். தொண்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நெடி மூக்குக்கு ஏறும். கண் சுருங்கும். "டேய், ஐயோடெக்ஸ்டா இது!"

கொடுத்தவன் முகம் சுருங்கிப் போகும். அவனுக்கு அது கோடை விடுமுறை, பேஸ்பால் மைதானம், தாத்தா வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம். அதைப் போய் முட்டிவலித் தைலம் என்றால்?

இந்தக் காட்சியை அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் பலரும் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். கதை முடிந்ததும் யாராவது ஒருவர், "பாவம், அவனுக்கு டேஸ்ட் பண்ணத் தெரியலை" என்பார். அங்கேதான் வழக்கு. பையனுக்கு நன்றாகவே டேஸ்ட் பண்ணத் தெரிந்திருக்கிறது. அவன் சொன்னது ரசாயனப்படி சரியான விடை. நூற்றுக்கு நூறு இல்லை என்றாலும் எழுபதாவது போடலாம்.

ஐயோடெக்ஸில் இருப்பது மீதைல் சாலிசிலேட் என்கிற பொருள். ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். வலி இருக்கும் இடத்தில் தேய்த்தால் சூடாக இறங்குமே, அந்த வாசம் அதனுடையதுதான். இது இயற்கையில் விண்டர்கிரீன் என்ற சின்னச் செடியின் இலையில் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஸ்வீட் பிர்ச் மரப்பட்டையிலும் இருக்கிறது. ரூட் பியரின் பழைய செய்முறைகளில் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும், இன்றைய பாட்டில்களிலும் அந்த வாசனை இருக்கிறது. விண்டர்கிரீனின் உறவுக்காரச் செடி ஒன்று நீலகிரியிலும் வளர்கிறது. ஊட்டிக்கு டூர் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடைகளிலேயே விண்டர்கிரீன் தைலமும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆக, அந்தப் பையனின் மூக்கு இரண்டு கண்டங்களில் இருக்கும் ஒரே பொருளை ஒரு நொடியில் அடையாளம் கண்டுபிடித்திருக்கிறது. இதற்குப் பாராட்டு கிடைக்க வேண்டுமா, கிண்டல் கிடைக்க வேண்டுமா?

(இதைப் படித்துவிட்டு யாரும் தைலத்தைச் சோடாவில் கலக்க வேண்டாம். பானத்தில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் போனால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.)

ரூட் பியர் பிறந்த கதையைப் பார்த்தால் மருந்து வாசனை ஒன்றும் தற்செயல் இல்லை என்பது புரியும். அதைப் பெரிய வியாபாரமாக்கியவர் சார்லஸ் ஹையர்ஸ், பிலடெல்பியாவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1876-ல் அந்த ஊரில் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சியில் அவர் இதை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போது விற்றது பாட்டில் இல்லை, பொட்டலம். 25 சென்ட் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கி, வீட்டில் தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்தால் ஐந்து காலன் பானம் வரும். கிட்டத்தட்ட கஷாயப்பொடி வியாபாரம்தான். 'ரூட் டீ' என்றுதான் பெயர் வைக்க நினைத்தாராம், பென்சில்வேனியாவின் சுரங்கத் தொழிலாளிகள் டீ என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பியர் என்று வை என்று ஒரு நண்பர் சொன்னாராம். கதை உண்மையோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தை பின்னால் அவருக்கு வம்பு இழுத்தது உண்மை. 1895-ல் மதுவிலக்குக்காகப் போராடிய பெண்கள் சங்கம் ஒன்று, ஈஸ்ட் போட்டால் ஆல்கஹால் வருமே என்று அதைப் புறக்கணிக்கச் சொன்னது. சில வருஷம் கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, ஒரு பாட்டிலில் இருப்பது அரை ரொட்டியில் இருக்கும் ஆல்கஹால் அளவுதான் என்று விளம்பரம் கொடுத்துத்தான் ஹையர்ஸ் தப்பித்தார்.

பெயர்ச் சண்டை அதோடு முடியவில்லை. மலேசியாவில் 1963-லிருந்து கடை நடத்தும் ஏ அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் முக்கியச் சரக்கே ரூட் பியர்தான். அங்கே ஹலால் சான்றிதழ் விதிகளில் பெயருக்கும் கட்டுப்பாடு உண்டு. அதனால் மெனுவில் அது 'ஆர்பி' ஆகிவிட்டது. பியரும் போய், ரூட்டும் போய், இரண்டு எழுத்து. ருசி மட்டும் அதேதான். மலேசியத் தமிழர்களிடம் ரூட் பியர் பற்றிக் கேட்டால் தைலம் என்ற பேச்சே பெரும்பாலும் வராது. வாஃபிள், ஐஸ் போட்ட கனமான கண்ணாடி மக், சின்ன வயசு என்று ஆரம்பிப்பார்கள். தமிழ் நாக்குக்கு ரூட் பியர் ஒத்துவராது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நாக்கில் தமிழ் நாக்கு, அமெரிக்க நாக்கு என்றெல்லாம் கிடையாது. எதை முதலில் சந்தித்தோம் என்ற வரிசைதான் இருக்கிறது.

இதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. 1966-ல் பிரிட்டனில் மான்கிரீஃப் என்பவர் பலவித வாசனைகளை முகரக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். மீதைல் சாலிசிலேட் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. 1978-ல் அமெரிக்காவில் அதே போல வேறொரு ஆய்வு நடந்தபோது விண்டர்கிரீன் வாசனை முதலிடத்துக்குப் போய்விட்டது. மூக்கின் அமைப்பு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். பிரிட்டனில் அந்த வாசனை வலி மருந்தில் இருந்தது, உலகப் போர்க் காலத்தில் அதைத் தேய்த்துக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. அமெரிக்காவில் அது சூயிங்கத்திலும் மிட்டாயிலும் இருந்தது. ஆக ஐயோடெக்ஸ் என்று கத்திய பையன் தனி ஆள் இல்லை, அவனுக்குப் பின்னால் ஒரு தலைமுறை வெள்ளைக்காரர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள் :-)

சரி, பையன் பக்கம் இவ்வளவு பேசியாகிவிட்டது. இப்போது கொஞ்சம் அவனைத் திட்ட வேண்டும்.

ஐயோடெக்ஸ் என்று சொன்னது சரி. அதோடு நிறுத்தியது சரியில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் செய்யும் காரியம் இது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒன்றைக் குடிப்பார்கள், 'மருந்து மாதிரி இருந்தது' என்று எழுதுவார்கள், அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். எந்த மருந்து? தைலமா, இருமல் சிரப்பா, கஷாயமா, ஆஸ்பத்திரி டிஞ்சரா? தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த நான்கும் நான்கு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு 'மருந்து' என்று ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

அமெரிக்காவின் பழைய கலர்களைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை நிஜமாகவே உதவும். ரூட் பியருக்குத் தைலம். 1885-ல் டெக்சாஸின் வேக்கோ ஊரில், அதுவும் ஒரு மருந்துக்கடையில், பிறந்த டாக்டர் பெப்பருக்கு இருமல் சிரப். குடித்தவர்களில் பலர் செர்ரி, பாதாம் எசன்ஸ் என்று சொல்லும் அந்த வாசனை சிவப்புச் சிரப்புகளில் பழகியதுதான். (கம்பெனி 23 ருசிகள் என்று மட்டும் சொல்லும், எவை என்று சொல்லாது.) அதே காலத்தில் மாசசூசெட்ஸின் லோவெல்லில் ஒரு மருத்துவர் மருந்தாகவே ஆரம்பித்த மாக்ஸி என்ற பானத்துக்குக் கஷாயம். அதில் ஜென்ஷியன் என்ற வேர் இருக்கிறது, முதலில் கோலா போல இனித்துவிட்டு, விழுங்கிய பிறகு நிலவேம்பு குடித்த மாதிரி அடிநாக்கில் கசப்பு உட்கார்ந்துகொள்ளும். மெய்ன் மாநிலம் 2005-ல் அதைத் தன் அதிகாரபூர்வக் குளிர்பானமாக அறிவித்தது. கசப்பை விரும்புகிறவர்கள் உலகத்தில் பாகற்காய் சாப்பிடுகிறவர்கள் மட்டுமில்லை.

இப்படிப் பிரித்துச் சொன்னால் படிப்பவருக்கு ஒன்று கிடைக்கிறது. அவர் குடிக்காமலேயே பாதி குடித்துவிடுகிறார். 'மருந்து மாதிரி' என்றால் கிடைப்பது சொன்னவரின் சலிப்பு மட்டும்.

ருசியை விவரிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. நாக்குக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். இன்றைய விஞ்ஞானம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்று ஐந்தைச் சொல்கிறது. தமிழில் அறுசுவை என்று துவர்ப்பையும் கார்ப்பையும் சேர்த்தார்கள். விஞ்ஞானி இந்த இரண்டும் ருசி இல்லை, ஒன்று வாய்க்குள் ஏற்படும் தொடு உணர்வு, மற்றது எரிச்சல் என்பார். இருக்கட்டுமே. வாயில் நடப்பது எல்லாவற்றுக்கும் பேர் வைத்த பழைய ஆட்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஆனால் அறுசுவையை வைத்துக்கொண்டு ரூட் பியரை விவரிக்கப் போனால் இனிப்பு நிறைய, கசப்பும் துவர்ப்பும் கொஞ்சம், புளிப்பு கோலாவை விட மிகக் குறைவு என்பதோடு கணக்கு முடிந்துவிடும். அதே கணக்கு ஆறின டீக்கும் பொருந்தும்.

மிச்சம் எல்லாம் மூக்கு. விழுங்கும்போது வாயின் பின்பக்கம் வழியாக மூக்குக்குப் போகும் வாசனையைத்தான் எல்லோரும் ருசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜலதோஷம் பிடித்தால் ரசம்கூட வெந்நீர் ஆகிவிடுவது இதனால்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ரூட் பியர், ஒரு வாய் கோலா குடித்துப் பாருங்கள். இரண்டுமே சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் கொஞ்சம் புளிப்பு கூட, அவ்வளவுதான். மூக்கை விட்டதும் தைலம் ஒரு பக்கம் வந்து நிற்கும், எலுமிச்சையும் பட்டையும் இன்னொரு பக்கம் வந்து நிற்கும்.

இதில் கேஸ் வேறு. 'சுருக்'கென்று நாக்கில் குத்துவது குமிழி உடைவதால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கரியமில வாயு வாயில் இருக்கும் ஒரு என்சைமால் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலத்தைப் புளிப்பை உணரும் செல்களும் வலியை உணரும் நரம்புகளும் பிடித்துக்கொள்கின்றன. புளிப்பு செல்களின் பங்கு 2009-ல்தான் ஆய்வில் தெளிவாயிற்று. மலை ஏறுகிறவர்கள் உயரம் ஒத்துக்கொள்ள ஒரு மாத்திரை போடுவார்கள், அசிட்டசோலமைடு. அது அந்த என்சைமைத் தடுத்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு சோடா குடித்தால் குமிழி பொங்கும், ஆனால் சுருக் வராது, ருசியும் விநோதமாகிவிடும். ஆக சோடாவின் சுருக் என்பது புளிப்பும் வலியும் சேர்ந்த கலவை. கோலி சோடாவை மூச்சு விடாமல் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு 'ஆஹா' என்பவருக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை என்பது வேறு விஷயம்.

இனி வேர். ரூட் பியரில் ரூட் என்ன ஆயிற்று? பழைய செய்முறையின் தலைவன் சாசஃப்ராஸ் என்ற வட அமெரிக்க மரத்தின் வேர்ப்பட்டை. அதன் வாசனைக்குக் காரணம் சஃப்ரோல் என்ற எண்ணெய்ப் பொருள். எலிகளுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தபோது ஈரலில் புற்றுநோய் வந்தது. 1960-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சஃப்ரோலை உணவில் சேர்க்கத் தடை போட்டது. அதற்குப் பிறகு சஃப்ரோல் நீக்கிய சாறு, அல்லது செயற்கை எசன்ஸ், கூடவே வனிலா, விண்டர்கிரீன், சோம்பு, அதிமதுரம் மாதிரி சாமான்களை வைத்து அந்தப் பழைய வாசனையைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கலவை வேறு. ஏ அண்ட் டபிள்யூ வனிலா பக்கம் சாயும், குடித்தால் வழவழவென்று இருக்கும். 1898-ல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் ஆரம்பித்த பார்க்ஸ் கொஞ்சம் காட்டம், அதில் காஃபீன் கூட உண்டு. பிர்ச் பியர் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அதில் தைலம் தூக்கலாக இருக்கும். அந்தப் பையன் அதைக் குடித்திருந்தால் ஐயோடெக்ஸோடு நின்றிருக்க மாட்டான்.

ஆக, இன்று ரூட் பியரில் பியர் இல்லை, பெரும்பாலும் ரூட்டும் இல்லை. 1960-க்கு முன்னால் குடித்தவர்களின் ஞாபகத்தை வைத்து வரைந்த படம் அது. அமெரிக்கரிடம் இது என்ன ருசி என்று கேட்டால் அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு 'ரூட் பியர் ருசி' என்பார். சிரிக்க வேண்டாம். கோலா என்ன ருசி என்று சென்னையில் யாரையாவது கேட்டால் அதே பதில்தான் வரும். கோலா என்ற காய் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, கசக்கும், கோலா பானத்தின் வாசனைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள், பட்டை, ஜாதிக்காய், வனிலா இவைதான் அந்த வாசனையின் முதுகெலும்பு. இதைத் தெரிந்துகொண்டு குடித்துப் பாருங்கள், முதல் தடவையாக அதில் பட்டை தெரியும். இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்தது.

விவரிப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சொல் தெரிந்த பிறகு நாக்கே கொஞ்சம் மாறிவிடுகிறது.

தமிழில் ரூட் பியரைச் சொல்ல ஒரு குறுக்கு வழி ரொம்ப நாளாக இருக்கிறது. 'நன்னாரி சர்பத் மாதிரி'. இந்த ஒப்புமை அழகானது, முக்கால்வாசி உண்மையும் கூட. ரூட் பியரின் பெரியப்பா மகன் மாதிரி சார்சபரில்லா என்று ஒரு பானம் உண்டு, ஸ்மைலாக்ஸ் என்ற கொடியின் வேர்ப் பெயரில் விற்பது. வெள்ளைக்காரர்கள் நன்னாரியைப் பார்த்துவிட்டு 'இந்திய சார்சபரில்லா' என்று பெயர் வைத்தார்கள். செடியியல்படி இரண்டும் வேறு வேறு குடும்பம், வாசனைப்படி வேடிக்கை. நன்னாரி வேரின் முக்கிய வாசனைப் பொருளும் வனிலாவின் வாசனைப் பொருளும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் கொஞ்சம் மாறியவை. ரூட் பியரில் வனிலா பக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நன்னாரிக்கும் அதற்கும் உறவு. ஸ்மைலாக்ஸ் வேருக்கோ சொந்தமாகப் பெரிய வாசனை கிடையாது. சார்சபரில்லா என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்றதிலும் சாசஃப்ராஸ், பிர்ச் எண்ணெய்தான் வேலை செய்தன. பெயர் கொடுத்த வேரை விட, பெயரை இரவல் வாங்கிய நன்னாரி மணமாக இருக்கிறது!

ஆனால் 'நன்னாரி மாதிரி' என்று நம்பிக் குடிப்பவர் ஏமாந்து போவார், ஐயோடெக்ஸ் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே என்று. 'ஐயோடெக்ஸ்' என்று மட்டும் கேள்விப்பட்டவர் தொடவே மாட்டார். இரண்டையும் சேர்த்து, நன்னாரி சர்பத்தில் எலுமிச்சையை எடுத்துவிட்டு, சோடா ஊற்றி, ஓரத்தில் தைல டப்பா ஒன்றைத் திறந்து வைத்த மாதிரி என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும். கேட்க அசிங்கமாக இருக்கிறது என்றால், பெருங்காயத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'பிசாசின் கழிவு' என்பதை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் பச்சைப் பெருங்காயத்தை முகர்ந்துவிட்டுப் பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று காத்திருக்கவில்லை. ரூட் பியர் விஷயத்தில் தமிழர் செய்வதும் அதேதான்.

காத்திருந்தால் என்ன ஆகும்? ரூட் பியரில் ஒரு கரண்டி வனிலா ஐஸ்கிரீமைப் போட்டு 'ஃப்ளோட்' என்று கொடுப்பார்கள். ஐஸ்கிரீம் பட்டதும் நுரை வெள்ளையாகப் பொங்கும். பாலின் கொழுப்பு தைல நெடியைப் பிடித்து அமுக்கிவிடும், வனிலா பக்கம் மேலே வரும், பனிக்கட்டிப் பரல்கள் பல்லில் கடிபடும். ஐயோடெக்ஸ் என்று தம்ளரைத் தள்ளியவர்களில் பலர் இதில்தான் மனசு மாறுகிறார்கள். மதுரைக்காரர்கள் மட்டும் மாறவே வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். நன்னாரி, பால், கடல்பாசி, மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். ஜிகர்தண்டா! வேர் வாசனையைப் பாலில் அடக்கி ஐஸ்கிரீமில் முடிக்கலாம் என்ற யோசனை இரண்டு ஊருக்குத் தனித்தனியாக வந்திருக்கிறது.

தைவானில் இதையே வேறு விதமாக அடக்கியிருக்கிறார்கள். அங்கே ஹேசாங் என்ற கம்பெனி 1950-லிருந்து சார்சபரில்லா விற்கிறது, ஊரே குடிக்கிறது. ஜலதோஷம் என்றால் அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பது வீட்டு வைத்தியம். மருந்து மாதிரி இருக்கிறது என்று அங்கே யாராவது சொன்னால் அது குறையே இல்லை, ஆமாம் மருந்துதான் என்று உப்பு ஜாடியை நீட்டுவார்கள். அமெரிக்க அம்மாக்கள் வயிறு சரியில்லாத பிள்ளைக்கு ஜிஞ்சர் ஏல் கொடுப்பதும், தமிழ்நாட்டில் நெஞ்சு கரிக்குது என்றால் பெட்டிக்கடையில் சோடா வாங்கி வரச் சொல்வதும் இதே வகை. கலர் எல்லாமே மருந்துக்கடைக்கு அடுத்த வாசலில்தான் பிறந்திருக்கிறது.

எனவே ஐயோடெக்ஸ் என்று சொன்ன பையன் தன் வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. 'ஐயோடெக்ஸ், அதனால் கேவலம்' என்பதில் 'அதனால்' மட்டும் வேண்டாம். தோழனும் கோபப்பட வேண்டியதில்லை, அவனைப் பதிலுக்கு ஒரு சர்பத் கடைக்குக் கூட்டிப் போனால் போதும். விருதுநகர் பக்கமோ மதுரை பக்கமோ வெயில் காலத்தில், நன்னாரி சாறு ஊற்றி, ஐஸைத் தட்டிப் போட்டு, ஒரு ஆற்று ஆற்றித் தருவார்கள். முதல் வாயிலேயே அவன் சொல்லிவிடுவான், கேஸ் போன ரூட் பியர் மாதிரி இருக்கிறதே என்று. கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவன் சொன்னதும் சரிதான். இதில் ஏன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள் என்பதுதான் அவனுக்கு விளங்காது, இரண்டாவது தம்ளர் கேட்பது வரைக்கும்.